30 சென்டிமீட்டர் குறைந்ததற்காக காரில் நடைபாதையைக் கடக்க அனுமதி மறுக்கலாமா?

ஹாரோவாசி:
வடமேற்கு லண்டனில் உள்ள எங்கள் வீட்டின் முன்முற்றத்தில் காரை நிறுத்துவதற்காக, நடைபாதையின் ஓரக்கல்லைத் தாழ்த்தித் தரும்படி, அதாவது எல்லோரும் சொல்லும் 'டிராப் கெர்ப்' கேட்டு, எங்கள் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்கு விண்ணப்பித்திருந்தேன். வந்து அளந்தவர், வீட்டுச் சுவரிலிருந்து நடைபாதை வரை 4.5 மீட்டர்தான் இருக்கிறது, 4.8 மீட்டர் வேண்டும் என்று கூறி மறுத்துவிட்டார். விண்ணப்பக் கட்டணமும் திரும்பி வராது. எங்களிடம் இருப்பதோ 4 மீட்டர் நீளத்தை எட்டாத டொயோட்டா யாரிஸ் கார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் இயலாது. மழை நாளில் தெருமுனையில் காரை விட்டுவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் அவருமாக நடந்து வருகிறேன். இதே வரிசையில், எங்களுடையதைவிட ஆழம் குறைந்த முற்றங்களுக்கும் முன்னொரு காலத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். என் சொந்த நிலத்துக்குள் நுழைய இத்தனை தடை எதற்கு?

மாலைநடை:
அண்ணா, அம்மாவின் நிலை எனக்கு விளங்குகிறது. ஆனால் முற்றம்தான் உங்களுடையது. அதற்கும் சாலைக்கும் இடையில் கிடக்கும் நடைபாதை உங்களுடையது அன்று. அதன்மேல் வாகனம் ஓட்டுவதை 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி நீங்கள் கேட்கலாம், செலவையும் நீங்களே ஏற்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கவுன்சில்தான். உங்கள் கார் சிறியது என்பதும் இங்கே செல்லாது, ஏனெனில் தாழ்த்திய கல் காரோடு போகாமல் வீட்டோடு நிற்கும். நாளை நீங்கள் வீட்டை விற்றால், வாங்குபவர் நீளமான வேன் ஒன்றைக் கொண்டுவரக்கூடும். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது: வேனின் பின்பகுதி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் இழுவைக் கொக்கி சரியாக என் சின்ன மகனின் நெற்றி உயரத்தில் நிற்கும். இரட்டைத் தள்ளுவண்டியோடு நான் அங்கே சாலையில் இறங்கித்தான் போகிறேன்.

ஹாரோவாசி:
நீட்டிக்கொண்டு நிற்கும் வேனைத் தண்டியுங்கள், நான் தடுக்கவில்லை. யாரோ ஒருவர் நாளை செய்யக்கூடிய தவறுக்காக இன்று என்னை மறுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நீங்கள் சொல்லும் 184ஆம் பிரிவை நானும் படித்தேன். நடைபாதை சேதமடையாமல் இருத்தல், வீட்டுக்குள் பாதுகாப்பாகப் போய்வருதல், சாலையில் வாகனங்கள் தடையின்றிச் செல்லுதல் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. 4.8 என்ற எண் சட்டத்தில் எங்கும் இல்லை. அது கவுன்சில் தானாக வகுத்துக்கொண்ட அளவு, கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுவது.

கல்வேலை:
இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில் இருவருக்கும் ஒரு வார்த்தை. ஓரக்கல்லைத் தாழ்த்துவது என்றால் கல்லை இறக்கிவைத்துவிட்டுப் போவதன்று. நடப்பவர்களின் எடைக்காகப் போட்ட அடித்தளத்தைத் தோண்டி எடுத்து, காரின் எடையைத் தாங்கும்படி மீண்டும் போட வேண்டும். அதற்குள் தண்ணீர்க் குழாயின் மூடியும், அதிக ஆழமில்லாமல் ஓடும் தொலைபேசிக் கம்பியும் இருக்கும். அவற்றை இடம் மாற்றும் செலவு தனி, விளக்குக் கம்பம் என்றால் கேட்கவே வேண்டாம். கல்லைச் சாலை மட்டத்துக்கு முழுதாக இறக்குவதும் இல்லை. ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் விளிம்பு விடுவோம். பார்வையற்றவர் ஒருவரின் கோல் அதில் தட்டினால்தான் நடைபாதை முடிகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஏ, பி போன்ற வகைப்படுத்திய சாலையாக இருந்தாலோ, வீடு அடுக்குமாடியில் இருந்தாலோ, இதற்குமேல் 'பிளானிங் பெர்மிஷன்' எனப்படும் திட்ட அனுமதியும் தேவை. முற்றத்துக்கு 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, மழைநீரைத் தெருவுக்கு விடுவதாக இருந்தால், 2008 அக்டோபர் முதல் அதற்கும் அனுமதி வேண்டும். நீர் கீழே இறங்கும்படி சரளைக் கல்லோ இடைவெளிக் கல்லோ போட்டால் வேண்டியதில்லை. மறுத்துவிட்டார்கள் என்று ரப்பர் சரிவுப் பலகையை வாங்கிச் சாக்கடையோரம் போட்டுவிடாதீர்கள். அது மழைநீரை மறிக்கும், சைக்கிளில் வருபவரையும் விழுத்தும்.

மாலைநடை:
இன்னொரு செய்தியையும் அண்ணா பார்க்க வேண்டும். கல் தாழ்ந்தவுடன், 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின்படி அதன் முன்னால் வேறு யாரும் காரை நிறுத்த முடியாது. நீங்கள் முறையிட்டால் அபராதச் சீட்டு வரும். எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஓர் இடம் அத்தோடு உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. அம்மாவுக்கு நீல அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை, இருக்குமானால், வீட்டுக்கு முன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் ஒன்றைக் குறித்துத் தரும்படி கேட்கலாமே.

ஹாரோவாசி:
நீல அட்டை இருக்கிறது. ஆனால் அப்படிக் கோடு போட்ட இடம் எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதாகாது. நீல அட்டை வைத்திருக்கும் எவரும் அங்கே நிறுத்தலாம். அம்மாவைவிட இயலாத ஒருவர் நிறுத்தினால் நான் என்ன சொல்ல முடியும்?

மாலைநடை, அந்தக் கொக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பட்டால் என்ன செய்வது என்று உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். நான் சாயவில்லை. முற்றத்தில் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பழைய செங்கல் பூந்தொட்டி கட்டியிருக்கிறது. அளக்க வந்தவர் சுவரிலிருந்து அளந்தாரா, அந்தத் தொட்டியின் விளிம்பிலிருந்து அளந்தாரா என்பது எனக்கு இப்போது ஐயமாக இருக்கிறது. நாளை காலை நானே நாடாவைப் பிடித்துப் பார்க்கிறேன். கல்வேலை ஐயா, அந்தத் தொட்டியை இடிப்பதற்குத் தனியாக அனுமதி வேண்டுமா?

கல்வேலை:
பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இல்லாவிட்டால் வேண்டியதில்லை. இடிப்பதற்கு முன், நாடாவில் அளவு தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள்.