மாமியாருக்கு மறதி நோய், வீட்டுக்காரர் நம்ப மாட்டேன் என்கிறார்

மதுரைமல்லி:
மாமியாருக்கு வயது 76. டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. பகலை எப்படியோ ஓட்டிவிடலாம், சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், இரண்டு புடவையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு "எங்க வீட்டுக்குப் போறேன், அம்மா தேடுவாங்க" என்று கதவைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்துவிடுவார். நான் சோறே போடுவதில்லை என்று எதிர்வீட்டில் புகார் வேறு. எட்டரைக்கு இவர் வந்ததும் "வாப்பா, சாப்டியா?" என்று தெளிவாகக் கேட்பார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீதான் டென்ஷன் ஆகுற" என்கிறார் இவர். எனக்கு அத்தைமேல் கோபமே இல்லை, இவர்மேல்தான்.

பழையகணவன்:
நானும் இதே வசனம் பேசியவன்தான் சகோதரி, என் அப்பா விஷயத்தில். மனைவி சண்டை போடவில்லை, தங்கை வளைகாப்புக்கு இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவைக் குளிக்க வைக்கவே ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஈரத்துண்டோடு நின்று என்னைப் பார்த்து "சார் யாரு?" என்றார். அன்றைக்கு அழுதேன். திமிர் இல்லைங்க, பயம். இப்போது காலைக் குளியலும் ஞாயிறு முழுவதும் என் பொறுப்பு.

ஹேமா_கோவை:
வீடியோ எடுத்துக் காட்டுங்களேன்?

ரிட்டயர்டு நர்ஸ்:
வீடியோ டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள், குடும்ப குரூப்பில் போட்டுவிடாதீர்கள், பாவம் அந்தம்மா. எப்போதாவது பார்ப்பவர் முன்னால் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பதும், பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடுவதும் இந்த நோயில் சகஜம், அடுத்த செக்கப்புக்கு உங்கள் வீட்டுக்காரரையே அழைத்துப்போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். இருட்டுவதற்கு முன்பே லைட்டைப் போடுங்கள். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாமல், "காபி குடிச்சுட்டுப் போலாம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். ஓரிரண்டு நாளில் திடீரென்று மோசமானால் யூரின் டெஸ்ட் எடுங்கள், வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றே அப்படிக் குழப்பிவிடும். 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மதுரைமல்லி:
எல்லோருக்கும் நன்றி. காபி நேற்று வேலை செய்தது, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு குடித்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "சமைச்சு வச்சுட்டுத்தானே போவே?" என்றார். இல்லை என்றேன்.