1987-இல் அமைதிப்படை இலங்கைக்குச் சென்றபோது இராமநாதபுரம் கரை கண்டது என்ன?

கேள்வி (வரலாற்று ஆர்வலன்):
1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியதைப் பற்றித் தளபதிகளும் தூதர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கும் தனுஷ்கோடி முதலான நம் கரையூர்கள் அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தன? படை இவ்வழியாகத்தான் சென்றதா?

பதில் (பாம்பன்வாசி):
இல்லை. படையினர் யாழ்ப்பாணப் பக்கமுள்ள பலாலிக்கு விமானத்திலும் காங்கேசன்துறைக்குக் கப்பலிலும் போனார்கள். நம் கரை அதற்குப் புறப்பாட்டுத் தளமாக இருக்கவில்லை. இங்கே கண்ணால் பார்த்தது அதற்கு முந்தைய கட்டத்தை. மே 26 அன்று இலங்கை இராணுவம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் தாக்குதல் தொடங்கியதை அடுத்து, ஜூன் 3 அன்று செஞ்சிலுவைக் கொடி கட்டிய 19 மீன்பிடிப் படகுகள் நிவாரணப் பொருள்களுடன் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டன. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது என்பதால், அப்போது தரைவழியாகத் தீவுக்குள் எதைக் கொண்டுவரவும் இரயில் பாலம் ஒன்றே கதி. இலங்கைக் கடற்படை மறித்ததால் படகுகள் அப்படியே திரும்பின. மறுநாள் பெங்களூரிலிருந்து பறந்த ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பொருள்களைப் போட்டன. விமானத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்தப் படகுகளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது என் குறை.

பதில் (மண்டபம் ஆசிரியர்):
படை போன வழி இதுவல்ல என்றாலும், போரிலிருந்து தப்பியவர்கள் வந்த வழி இதுதான். 1983 முதலே மன்னார்க் கரையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் படகோட்டிகள், இருட்டில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் இல்லாத அந்த மணலில், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை, விடிந்தபின் அவ்வழியே வரும் நம் வள்ளக்காரர்கள் ஏற்றிக் கரை சேர்த்ததுண்டு. பிறகு விசாரணை, பதிவு, மண்டபம் முகாம். ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய அதே முகாம். ஒப்பந்தத்தை நம்பி 1987 இறுதியிலிருந்து 1989 ஆகஸ்டுக்குள் சுமார் 25,000 பேர் ஊர் திரும்பினார்கள். 1990 மார்ச்சில் படை வெளியேறி, ஜூனில் மறுபடி போர் மூண்டதும் முன்னிலும் பெரிய கூட்டம் வந்து சேர்ந்தது. படை போனதையும் திரும்பியதையும் நாங்கள் அளந்தது முகாமின் கூட்டத்தை வைத்துத்தான்.

பதில் (தங்கச்சிமடம் கடலோடி):
ஆசிரியர் ஐயா சொன்னது உண்மை. அதோடு கடலையும் சேர்க்க வேண்டும். போர்க்காலத்தில் எங்கள் ஆட்கள் சுடப்பட்டார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அதே காலத்தில் கட்டுப்பாடுகளால் அக்கரை மீனவர்கள் கடலுக்குள் இறங்க முடியாமல் முடங்கிக் கிடக்க, நம் விசைப்படகுகள் அவர்கள் மீன்பிடிக்கும் கடற்பகுதிக்குள் போய் மடிவலை இழுத்தன. இங்கே விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை பேசிக்கொண்ட நாங்கள், அங்கே யாரிடமும் முறை கேட்கவில்லை. 2009-இல் போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பியபோதுதான் சண்டை வெளிச்சத்துக்கு வந்தது. எனவே, தகவல் திரட்டுபவர் இக்கரையோடு நிறுத்திக்கொள்ளாமல், அக்கரையில் மன்னார்ப் பக்கமுள்ள பேசாலையிலும் வங்காலையிலும் உள்ளவர்களிடமும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது எங்களுக்குக் கசக்கும், இருந்தாலும் கேளுங்கள்.