அம்மாவுக்கு பர்த் சர்டிபிகேட்டே இல்ல, என்விசி-ல (அமெரிக்காவோட நேஷனல் விசா சென்டர்) கேக்குறாங்க, என்ன குடுக்கறது?

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சில இருக்கேன், சிட்டிசன்ஷிப் வந்த கையோட அம்மாவ கிரீன் கார்டுல அழைச்சுக்க ஐ-130 மனு போட்டேன், அது அப்ரூவ் ஆகி இப்ப கேஸ் என்விசி-ல நிக்குது. டாகுமெண்ட் அப்லோட் பண்ற இடத்துல அம்மாவோட பர்த் சர்டிபிகேட் கேக்குது, அங்கதான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். அம்மா பொறந்தது 1952ல, மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், வீட்லயே மருத்துவச்சி பாத்த பிரசவம், யாராவது போய் பதிஞ்சாங்களான்னே தெரியாது, கேக்கலாம்னா தாத்தா பாட்டியும் இல்ல. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஊர் ஸ்கூல்ல படிச்சாங்க, அந்த சர்டிபிகேட்ல 10.05.1952ன்னு இருக்கு, பாஸ்போர்ட் ஆதார் பேங்க்னு எல்லாத்துலயும் அதே தேதிதான் ஓடுது. ஆனா ஜாதகத்துல நந்தன வருஷம் ஆவணி மாசம்னு எழுதியிருக்கு. பெரியம்மாவும் "அவ ஆவணில பொறந்தவடி, ஆத்துல தண்ணி முட்ட போயிட்டு இருந்துச்சு, மருத்துவச்சிய அந்தக் கரையிலேர்ந்து அழைச்சிட்டு வர முடியாம தவிச்சோம்"னு அடிச்சு சொல்றாங்க. இது ஏதாவது பிரச்சனை ஆகுமா? ஊர்ல தம்பி ஒரு புரோக்கர பிடிச்சிருக்கான், அவர் 15,000 குடுத்தா புதுசா பர்த் சர்டிபிகேட்டே வாங்கித் தரேங்கறாராம். வாங்கலாமா வேணாமா?

டெக்சாஸ்_மாப்ள:
புரோக்கர் பக்கமே போகாதீங்க சிஸ்டர். எங்க மாமியாருக்கு இதே கதைதான், 1949 பிறப்பு, போன வருஷம் மும்பை போயி இன்டர்வியூ முடிச்சு வந்துட்டாங்க. மொதல்ல அமெரிக்க ஸ்டேட் டிபார்ட்மென்ட் (வெளியுறவுத் துறை) வெப்சைட்ல இந்தியாவுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, எந்த டாகுமெண்ட் யார் குடுக்கணும்னு நாடு வாரியா போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. 1970 ஏப்ரல் 1க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு பர்த் சர்டிபிகேட்டுக்கு பதிலா ஸ்கூல் சர்டிபிகேட், அஃபிடவிட் மாதிரி விஷயங்கள ஏத்துக்கறாங்க. ஏன் அந்த தேதின்னா 1969ல வந்த பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் நம்ம ஊர்ல அன்னிக்குதான் அமலுக்கு வந்துச்சு. இருந்தாலும் நாங்க நான்-அவைலபிலிட்டி சர்டிபிகேட்டும் (பிறப்புப் பதிவு இல்லங்கற சான்று) வாங்கி வச்சோம், அது இருந்தா ஆபிசர் மேற்கொண்டு நோண்ட மாட்டாரு. அதுகூட பழைய ஸ்கூல் சர்டிபிகேட், ரெண்டு பெரியவங்க அஃபிடவிட், அவ்ளோதான். அஃபிடவிட் குடுக்கறவங்க உங்கம்மாவ விட மூத்தவங்களா, பொறந்தது நேர்ல தெரிஞ்சவங்களா இருக்கணும், நீங்களோ தம்பியோ எழுதிக் குடுத்தா "நீ அப்ப எங்கப்பா இருந்த"ன்னு கேப்பாங்க 😀

ஜெர்சி_ஜெகன்:
எல்லாரும் ஏன் இவ்ளோ பயப்படுறீங்கன்னு தெரியல. எங்கப்பாவுக்கு லேட் ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணி முறையா சர்டிபிகேட் எடுத்தோம், ஒரு கேள்வி கேக்கல. 2023ல சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் இன்னும் ஈசி, ஒரு வருஷம் தாண்டினதுக்கு முன்ன மாதிரி கோர்ட்டு மாஜிஸ்திரேட்டுன்னு அலைய வேணாம், ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) லெவல்லயே ஆர்டர் வாங்கிடலாம்.

டெக்சாஸ்_மாப்ள:
@ஜெர்சி_ஜெகன் பண்ணக் கூடாதுன்னு சொல்லல ப்ரோ, சட்டப்படி சரிதான். ஆனா 1952ல பொறந்தவங்களுக்கு இந்த வருஷம் பதிஞ்ச சர்டிபிகேட்ட நீட்டினா பதிஞ்ச தேதி அதுலயே இருக்கும்ல, அதைப் பாத்துட்டு "பழசா வேற என்ன இருக்கு"ன்னுதான் கேப்பாங்க, கடைசில அதே ஸ்கூல் சர்டிபிகேட்டயும் அஃபிடவிட்டயும் தான் தேடணும். அதுக்கு எதுக்கு ரெண்டு வேலை. அதுவும் புரோக்கர் 15,000க்கு தர்றது ஆர்டிஓ ஆர்டரோட வருதா இல்ல ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் ஆகுதான்னு யாருக்குத் தெரியும், போலி பேப்பர்னு தெரிஞ்சுதுன்னா அம்மா விசா மொத்தமா போயிடும்.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, தம்பிகிட்ட புரோக்கர் வேணாம்னு சொல்லிட்டேன். இந்த நான்-அவைலபிலிட்டிய எங்க போயி கேக்கணும்? விஏஓ ஆபீஸ்ல கேட்டதுக்கு அவ்ளோ பழசெல்லாம் எங்ககிட்ட இல்லன்னு அனுப்பிட்டாங்களாம்.

பழைய_கணக்கு:
நான் விஏஓ-வா இருந்து ரிட்டயர் ஆனவன்மா. அவங்க சொன்னது பொய் இல்ல. கிராமத்து பிறப்பு இறப்பு ரிஜிஸ்டரெல்லாம் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போயிடும், பழசு அங்கதான் தேடணும். 1952ல விஏஓ-ங்கற வேலையே கிடையாது, கிராம முன்சீப்தான் எழுதுவாரு (அந்தப் பதவிய 1980ல எடுத்த பிறகுதான் நாங்கல்லாம் வந்தோம்). 1969 சட்டத்துக்கு முன்னாடி பதிவே இல்லன்னு நெனைக்காதீங்க, 1899 மெட்ராஸ் சட்டப்படி எழுதிட்டுதான் இருந்தாங்க. ஆனா அதுல பெரும்பாலும் குழந்தை பேரு இருக்காது, தகப்பனார் பேரு, ஊரு, பக்கத்துல "பெண்"னு மட்டும் இருக்கும். அம்மா பேர சொல்லித் தேடச் சொன்னா "இல்ல"ன்னுதான் பதில் வரும், அதனால தாத்தா பேர சொல்லி 1952 முழுக்க, முடிஞ்சா 51 கடைசி, 53 ஆரம்பம் வரைக்கும் பாக்கச் சொல்லுங்க. கிடைச்சா ஆவணியா சித்திரையாங்கறதும் அதுலயே தெரிஞ்சிடும். கிடைக்கலன்னா எழுத்துல கேளுங்க, அதுக்கு படிவம் 10ன்னே ஒண்ணு இருக்கு, அதுல அம்மா பேரு பாஸ்போர்ட்ல உள்ளபடியே வரணும், ஒரு எழுத்து மாறினாலும் அங்கயே திருத்தி வாங்கிடுங்க. இன்னொண்ணு, பாஸ்போர்ட்ல பிறந்த இடம் தஞ்சாவூர்னு இருந்து இதுல திருவாரூர் மாவட்டம்னு வந்தா பதறாதீங்க. திருவாரூர் தனி மாவட்டமானது 1997ல, அதுக்கு முன்ன நாகப்பட்டினம், 1991க்கு முன்ன எல்லாமே தஞ்சாவூர்தான். இத ஒரு வரி கவரிங் லெட்டர்ல எழுதிடுங்க.

சிகாகோ_சித்தி:
தேதி விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லலயே. காவேரி, இது அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு இருந்த கதைம்மா. ஸ்கூல்ல சேக்க அழைச்சிட்டுப் போவாங்க, தலைக்கு மேல கையச் சுத்தி காதைத் தொட்டா போதும், வாத்தியார் ஜூன்ல அஞ்சு வயசு முடிஞ்சிருக்கற மாதிரி ஒரு மே மாச தேதிய போட்டு சேத்துக்குவாரு. உங்கம்மாவுக்கும் அதான் நடந்திருக்கும். எல்லா பேப்பர்லயும் ஒரே தேதி ஓடுதுல்ல, டிஎஸ்-260 விசா அப்ளிகேஷன்லயும் அதையே போடுங்க, இப்பப் போயி ஜாதகத்த வச்சு பாஸ்போர்ட்ட மாத்தறேன்னு கிளம்பினீங்கன்னா இருக்கறதும் கெட்டுடும். ஆனா ஒண்ணு, பெரியம்மாவ மே 10ன்னு அஃபிடவிட்ல கையெழுத்துப் போட வைக்காதீங்க, அவங்க நம்பாதத சத்தியம் பண்ணச் சொல்றது தப்பு. யாருக்குப் பொறந்தா, எந்த ஊரு, எந்த வீடு, எந்த வருஷம், தனக்கு எப்படித் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சத மட்டும் எழுதட்டும், தேதிக்கு ஸ்கூல் சர்டிபிகேட் பேசும். ரிஜிஸ்டர்ல வேற தேதியோட எண்ட்ரி கிடைச்சா மட்டும் ஒரு இமிக்ரேஷன் வக்கீல்ட்ட ஒருவாட்டி காசு குடுத்துக் கேட்டுடுங்க, இங்க கேட்டு முடிவு பண்ணாதீங்க. இன்டர்வியூல ஆவணி பத்தி கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லச் சொல்லுங்க, அம்மாக்கள் பயத்துல எதையாவது மாத்திச் சொல்லிட்டாதான் வம்பு.

தமிழ்ல இருக்கற எல்லாத்துக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், கீழ மொழிபெயர்த்தவர் "எனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு"ன்னு கையெழுத்துப் போடணும், அத மறந்துட்டு என்விசி-ல திருப்பி அனுப்பினவங்க நெறைய. பெரியம்மாவுக்கு என்ன வயசு? எண்பத தாண்டியிருப்பாங்கல்ல, சார்பதிவாளர் ஆபீஸ் வேலை எப்ப வேணா நடக்கட்டும், இந்த வாரமே நோட்டரிய வீட்டுக்கு வரச் சொல்லி அந்த அஃபிடவிட்ட முடிச்சிடுங்க.