[கலைச்சொல்] கண் முகாம் துண்டறிக்கை: வெள்ளிக்கிழமை அச்சு!

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நாற்பது தாண்டியவர்களுக்கான கண் பரிசோதனை முகாமுக்குத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். இரண்டு சொல் இடிக்கிறது. ஒன்று அக்காமடேஷன். தூரத்தில் வரும் பேருந்தின் பலகையைப் பார்த்த கண், அடுத்த நொடி கையிலிருக்கும் டிக்கெட்டைப் படிக்கிறதே, அந்த வித்தை. இன்னொன்று பிரஸ்பையோபியா, வயதாக ஆக அந்த வித்தை கைவிட்டுப் போவது. பாடநூலில் 'விழி ஏற்பமைவு' என்று இருக்கிறது. முகாமுக்கு வருகிற பாட்டிக்கு அது என்ன சொல்லும்?
– செ.

*

செ. அவர்களே, இரண்டாவதற்கு ஏன் மண்டையை உடைக்கிறீர்கள்? 'வெள்ளெழுத்து' இருக்கிறதே! கண்ணாடிக் கடைக்காரர் முதல் என் மாமியார் வரை அதைத்தான் சொல்கிறார்கள். இலக்கணமும் சுத்தம். வெண்மை + எழுத்து. சுட்டுவது எழுத்தையல்ல, குறையை. ஆகவே பண்புத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. முதலாவதற்குத் 'தகவமைவு' போடுங்கள்.
– ம.

*

> முதலாவதற்குத் 'தகவமைவு'

வேண்டாம். இருட்டுக்குக் கண் பழகுவதை இருள் தகவமைவு என்கிறோம். அதில் பெரும்பங்கு விழித்திரையுடையது. இது லென்ஸின் வேலை.

'தளர்ச்சி' என்று முடியும் எதையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கிட்டத்தில் பார்க்கும்போது லென்ஸைச் சுற்றியிருக்கும் சிலியரித் தசை சுருங்குகிறது. லென்ஸை இழுத்துப் பிடித்திருந்த இழைகள் தொய்கின்றன. இழுவை விட்டதும் லென்ஸ் தானாக உப்பிக்கொள்கிறது. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் சொன்ன விளக்கம் இது. வயதானால் முக்கியமாகக் கெடுவது லென்ஸின் நெகிழ்வு, அது இறுகிப்போகிறது. பாவம், பழி மட்டும் தசைமேல். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழெட்டு செ.மீ. தூரத்திலும் எழுத்து தெளிவு. நாற்பத்தைந்தில் 25 செ.மீ.யே தகராறு. அறுபதில் ஏறக்குறைய ஒரு மீட்டர், நம் கை அவ்வளவு நீளமில்லை.

'தூரப்பார்வை' என்றும் போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் விழிக்கோளம் குட்டையாக இருப்பதால் வருவது, சிறுவருக்கும் உண்டு.
– டாக்டர் ந.

*

வெள்ளெழுத்து இருக்கட்டும். 'சாளேசரம்' என்ற சொல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! சாய் என்றால் ஒளி. சாய் > சாள் > சாளரம். கண் உடம்பின் சாளரம். அதன் ஈரம் வற்றுவதே சாளேசரம். தூய தமிழ்.
– பு.

*

ஐயா, பொறுத்தருள வேண்டும். சாலீஸ் என்றால் இந்தியில் நாற்பது. கன்னடத்தில் இதே குறைக்குச் சாளீசு. தெலுங்கில் சத்வாரம், அதுவும் வடமொழி நாற்பதுதான். நாற்பதில் வருவதால் வந்த பெயர். சாளரத்தை மூடிவிடலாம்.
– ம.

*

> இந்தியில் நாற்பது

அவர்கள் நம்மிடம் கடன் வாங்கியிருக்கக் கூடாதா? சரி, நாற்பதுதான் வேண்டுமென்றால் 'நாற்பார்வை' என்று ஆக்குவோம். வள்ளுவரும் "வாளற்றுப் புற்கென்ற கண்ணும்" என்கிறார். 'புற்கெனல்' என்றாலும் எனக்குச் சம்மதம்.
– பு.

*

அந்தக் கண் தலைவன் வரும் வழி பார்த்துப் பார்த்து ஒளி இழந்த கண், ஐயா. பிளஸ் ஒன்றரைக் கண்ணாடியில் தீராது! நாற்பார்வை என்றால் நாலு கண்ணன் என்று கேலி செய்வதாக நினைப்பார்கள்.

அக்காமடேஷனுக்கு நான் வகுப்பில் 'குவிமாற்றம்' சொல்லிப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். லென்ஸின் உருவத்தை வைத்துப் பெயரிட வேண்டாம். மீன் தன் லென்ஸை உப்பவைப்பதில்லை, நகர்த்துகிறது. அதற்கும் இதே சொல் பொருந்த வேண்டும்.
– த.

*

குவிமாற்றம் நன்று. ஆனால் 'குவியும் மாற்றமா, குவியத்தை மாற்றுவதா?' என்று பாட்டி கேட்கமாட்டார், இந்தக் குழு கேட்கும். நான் 'கிட்டக் குவியும் திறன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?
– செ.

*

'கிட்ட' என்று தொடங்கினால் கிட்டப்பார்வை என்றே படிப்பார்கள். அது நேர் எதிர்க் கதை. கிட்டப்பார்வைக்காரர்களில் பலர் வெள்ளெழுத்து வந்தபிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேப்பர் படிக்கிறார்கள்.
– டாக்டர் ந.

*

நாளை அச்சு. வெள்ளெழுத்து உறுதி. முதலாவதற்கு 'பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் குவியும் திறன்' என்று நீட்டியே எழுதுகிறேன், ஓரிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஏற்பமைவு. மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.
– செ.

*

நான் களைக்கவில்லை. ஆறு சொல் தொடரைக் கலைச்சொல் என்று குழுவின் பட்டியலில் ஏற்றாதீர்கள். குவிமாற்றம் என் முன்மொழிவாகவே நிற்கட்டும்.
– த.

*

'வெள்ளெழுத்துக் கண்ணாடி' என்று வருமிடத்தில் ஒற்று விடாதீர்கள். சாய் வேர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– பு.