கண்ணை மூடி சர்வ் போட்டவர்கள் சொல்லுங்கள்

பேஸ்லைன்வாசி:
டென்னிஸில் அடிக்கும் முன் மனசுக்குள் ஷாட்டை ஆடிப் பார்ப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு, அண்ணா நகர், டபுள்ஸ். செட்டை முடிவு செய்யும் டைபிரேக்கில் 5-6, இந்தப் பாயின்ட் போனால் செட் போச்சு. முதல் சர்வ் வெளியே. இரண்டாவது சர்வுக்கு முன் கோச் சொன்னபடி கண்ணை மூடினேன். பந்து நெட்டின் வெள்ளைப் பட்டையில் பட்டு என் பக்கமே விழுகிற மாதிரி வந்தது. 'சே, இது வேண்டாம்' என்று அழிக்கப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அடித்தேன். அதே பட்டை, அதே 'தப்'. பந்து உருண்டு என் காலடியிலேயே வந்து நின்றது. பார்ட்னர் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மாவுக்கட்டு:
எனக்கு இது கைகொடுத்தது. மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. 29சி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் மனசுக்குள் ஃபோர்ஹேண்ட்தான். ஒருநாள் ஸ்டெர்லிங் ரோடு பக்கம் கோர்ட்டின் குறுக்கே போகிற அருமையான கிராஸ்கோர்ட் ஒன்று அடித்தேன், தோள் தானாகத் திரும்பி பக்கத்து அம்மாவின் பூக்கூடையை இடித்துவிட்டது. "என்ன தம்பி, கை இழுக்குதா?" என்றார். கட்டைப் பிரித்ததும் கையில் பலம் இல்லை, ஆனால் டைமிங் அப்படியே இருந்தது.

செகண்ட் சர்வ்:
பேஸ்லைன்வாசி, மனசின் மேல் பழி போடாதீர்கள். டாஸ், அதாவது சர்வுக்குப் பந்தை மேலே போடுவது, தாழ்ந்திருக்கும், தலையைச் சீக்கிரம் இறக்கியிருப்பீர்கள். அப்புறம், 'நெட்டில் படக்கூடாது' என்று நினைத்தால் நெட்தானே வரும்? பந்து போகவேண்டிய வழியைப் பாருங்கள். நெட் நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை. அதற்கும் மேலே சுழன்று போய் எதிர்ப்பக்கக் கட்டமான சர்வீஸ் பாக்ஸுக்குள் இறங்க வேண்டும். டிவியில் பார்க்கிற கோணம் வேண்டாம், உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஸ்லோ மோஷனும் வேண்டாம், நிஜ வேகம். கிரிப்பில் வழிகிற வேர்வையும் இருக்கட்டும், மே மாதச் சென்னையில் அது இல்லாவிட்டால் எல்லாம் பொய். தொழில்முறை ஆட்டத்தில் பாயின்ட்டுக்கு நடுவே 25 விநாடிதான், நீங்கள் அங்கே தியானம் செய்யப் போகவில்லை. ஜோகோவிச்கூட இந்தப் பயிற்சி பற்றிப் பேசியிருக்கிறார், ஆனால் அவர் மணிக்கணக்கில் நிஜப் பந்தும் அடிக்கிறார். என் அனுபவம்: ஒரு தடவை செய்தேன், எதிராளி தொடவே முடியாத ஏஸ் விழுந்தது.

பேஸ்லைன்வாசி:
டாஸ் சரியாகத்தான் இருந்தது. வீடியோ இருக்கிறது.

மாவுக்கட்டு:
அதை எத்தனை தடவை பார்த்தீர்கள்?

பேஸ்லைன்வாசி:
எண்ணவில்லை. தினமும் படுக்கும்முன் பார்க்கிறேன்.