மறு: 'டபிள்யூ-எரர்' தெரிவுக்குத் தமிழ்ப் பெயர்

அனைவருக்கும் வணக்கம். எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியிடம் (கம்பைலர்), எச்சரிக்கை வந்தாலும் அதைப் பிழையாகக் கொண்டு தொகுப்பை நிறுத்தச் சொல்லும் தெரிவு 'டபிள்யூ-எரர்' (-Werror). அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்பதே பேச்சு.

> 'எச்சரிக்கைப் பிழை' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் எழுத்துப் பிழை என்றால் எழுத்தில் நேர்ந்த பிழை, அச்சுப் பிழை என்றால் அச்சில் நேர்ந்த பிழை. அந்த வழக்கப்படி படிப்பவருக்கு, தொகுப்பி தவறாக எச்சரித்துவிட்டது என்றுதான் தோன்றும். அப்படியும் சில நேரம் நடப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். 'எச்சரிக்கைத் தடை' இன்னும் மோசம். எச்சரிக்கையே வராமல் தடுப்பது என்று பொருள்பட்டு, நேர் எதிரான தெரிவுக்குப் பெயராகிவிடும்.

பெயரில் 'பிழை' வருவதே எனக்கு உறுத்துகிறது. இங்கே ஊட்டியில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய சி நிரல்களை மூலத்திலிருந்து தொகுப்பது வழக்கம். 2017-க்கு முன் எழுதிய நிரல் ஒன்று. தொகுப்புக் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில், கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா'வும் 'டபிள்யூ-எரர்'ரும் சேர்ந்திருந்தன. அந்த ஆண்டு வந்த ஜிசிசி தொகுப்பியின் 7-ஆம் பதிப்பு, பல கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சில் ஒரு கேஸ் (கிளை), அதை முடிக்கும் பிரேக் என்ற சொல் இல்லாமல் அடுத்த கேஸுக்கு வழிந்தால் எச்சரிக்கத் தொடங்கியது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, தொகுப்பிதான் புதுசு. திரையிலோ 'பிழை' என்று சிவப்பில் வருகிறது. தாங்கள் எதையோ கெடுத்துவிட்டதாகப் பிள்ளைகள் பயந்துபோனார்கள். கடைசி வரியில் எச்சரிக்கைகள் எல்லாம் பிழைகளாகக் கொள்ளப்படுகின்றன என்று ஜிசிசி சொல்லத்தான் செய்கிறது. அதுவரை யார் படிக்கிறார்கள்?

கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைத்து இறங்கச் சொல்லும் பலகை எச்சரிக்கை. ஓட்டுநர் படித்துவிட்டுத் தன் பொறுப்பில் போகலாம். வெளியூர் வண்டியை இறங்கவிடாமல் மேலேயே நிறுத்துகிறார்களே, அது வேறு. சரிவு அதேதான். நிறுத்துவது என்பது ஒருவர் எடுத்த முடிவு. நம் சொல்லும் அந்த முடிவைத்தான் காட்ட வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: எச்சரித்தால் நிறுத்து. அதை விலக்கும் 'டபிள்யூ-நோ-எரர்'ருக்கு, எச்சரித்தாலும் தொடர். ஆல், ஆலும் என்ற விகுதிகளே வேறுபாட்டைச் சொல்லிவிடுகின்றன, தனியாக விளக்கம் வேண்டாம். பெயர்ச்சொல்லாக வேண்டிய இடத்தில் 'எச்சரித்தால் நிறுத்தல்'.

> நீளமாக இருக்கிறது. தவிர, பயனர் இதை அணைத்துவிடத்தானே போகிறார்?

அணைக்கட்டும், தவறில்லை. உருவாக்குபவர் தன் கணினியில் எச்சரித்தால் நிறுத்த வேண்டும். வெளியீட்டை இறக்கித் தொகுப்பவருக்கு எச்சரித்தாலும் தொடர வேண்டும். நிரலில் பிழைதேட உதவும் ஜிடிபி கருவியின் திட்டம் அப்படித்தான் செய்கிறது: வளர்ச்சிக் கிளையில் இயல்பாகவே நிறுத்தும், வெளியீட்டுக் கிளையில் நிறுத்தாது. லினக்ஸ் கருநிரலில் (கெர்னல்) 2021 செப்டம்பரில் இதை எல்லாருக்கும் இயல்பாக்கினார்கள். எங்கெங்கோ தொகுப்பு உடைந்து, சில நாட்களிலேயே சோதனைத் தொகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஆனால் அணைத்துவிட்டு அத்தோடு போய்விடக் கூடாது. எங்கள் நிரலில் வந்த அந்த எச்சரிக்கையை மட்டும் விலக்கித் தொகுத்துவிட்டு, வழிவது வேண்டுமென்றே எழுதியதா, பிரேக் விட்டுப்போனதா என்று பார்த்து, திருத்தத்தைத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பிள்ளைகளை அப்படித்தான் பழக்குகிறேன்.

'பிழை' என்பதை உண்மையான பிழைக்கே விட்டுவைக்க இன்னொரு காரணமும் உண்டு. அறிவிக்காத செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்தால் முன்பு வெறும் எச்சரிக்கை. 2024-இல் வந்த ஜிசிசி 14-இல் அது இயல்பாகவே பிழை. அது தொகுப்பியின் தீர்ப்பு. 'டபிள்யூ-எரர்' திட்டத்தை நடத்துபவரின் தீர்ப்பு. உதவி கேட்டு வருபவரிடம் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

> 'நிறுத்து' எதற்கு? 'எச்சரித்தால் நில்' போதாதா?

குன்னூர் நண்பரின் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. நில் என்றால் எச்சரிக்கை வந்த இடத்திலேயே தொகுப்பி நின்றுவிடும். இங்கே அப்படி நடப்பதில்லை. கோப்பை இறுதிவரை படித்து, மற்றக் குறைகளையும் சொல்லிவிட்டு, தொகுப்பின் பலனான விளைகோப்பைத் தராமல் விடுகிறது. அதனால், மேக்ஃபைலைப் படித்துத் தொகுப்பை நடத்தும் மேக் என்னும் கருவி தொகுப்பை நிறுத்துகிறது. முதல் பிழையிலேயே நிற்கும் தெரிவு ஒன்று தனியாக இருக்கிறது, 'டபிள்யூ-ஃபேட்டல்-எரர்ஸ்'. 'பிழையில் நில்' என்று அதற்கு வைக்கலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.