விதான ஓவியங்களைக் காப்பாற்ற நிதி: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. அறநிலையத் துறைக் கோயில். மழைநீர் கசிந்து, அனுமன் வாலருகே சுண்ணாம்புக் காரை உப்பிக்கொண்டு நிற்கிறது. விரல் பட்டாலே உதிரும். கும்பாபிஷேகத்துக்கு முன் வெள்ளையடித்துவிடலாம் என்று ஊரில் பேச்சு. கேட்டதிலிருந்து மனசு கிடந்து தவிக்கிறது.

மண்டல, மாநில வல்லுநர் குழுக்களின் அனுமதி வேண்டும் என்பது தெரியும். சரி, பணம்? துறையின் பொதுநல நிதியில் ஓவியங்களுக்கென்று தனி மதிப்பீடு போட்டு வாங்கியவர்கள் உண்டா? மத்திய அரசு 1996-இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியத்தை (National Culture Fund) யாராவது அணுகியிருக்கிறீர்களா?

முதலில் மேல்தள ஒழுக்கை அடைக்க வேண்டும். சிமென்ட் கூடாது, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புதான். அப்புறம்தான் ஓவியம். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போதுமா? பழைய விண்ணப்ப நகல் ஒன்று கிடைத்தாலும் பெரிய உதவி.